குரல் பிந்திய நகரம்

ரோம் நகரத்து மனிதர்களின் குரல் அவர்களுடைய உதடுகளை விட்டுப் பின்தங்க ஆரம்பித்தது ஒரு மார்ச் மாதத்தில், வெயிலா மழையா என்று வானம் முடிவெடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில். அதை முதலில் கண்டுகொண்டவள் நெரினா பஸ்ஸெத்தி. உதட்டையும் குரலையும் ஒட்டவைப்பதே அவளுடைய பிழைப்பு என்பதால் அவள் கண்ணுக்கு அது தப்பியிருக்க வழியில்லை.

இத்தாலியில் வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த மொழியில் பேசுவதில்லை. குதிரையில் வரும் அமெரிக்கனும், வாளோடு வரும் ஜப்பானியனும், பனியில் அழும் ரஷ்யப் பெண்ணும் ரோமின் டப்பிங் கூடங்களில் இருட்டில் நின்று பேசும் சிலரின் வாயால்தான் அந்த நாட்டு மக்களோடு பேசுகிறார்கள். நெரினா நார்வே நடிகை தோர்டிஸ் ஹௌகனின் குரல். தோர்டிஸ் இளம்பெண்ணாகத் திரையில் தோன்றிய நாளிலிருந்து, மனைவியாகி, கொலைகாரியாகி, ராணியாகி, நரைத்த கிழவியாகும் வரை அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் இத்தாலியர்களின் காதில் நெரினாவின் சொல்தான். நெரினாவின் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் மீன்கடையில் வரிசையில் நின்று அவள் "அரைக் கிலோ மத்தி" என்று கேட்டால், கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் மனைவியை உள்ளேயிருந்து கூப்பிடுவார்.

அன்று காலை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லேட்டா வருது, நெரினா."

"நான் சரியாத்தான் பேசினேன்."

"நீங்க சரியா பேசறதைப் பார்த்தேன். சத்தம்தான் லேட்டா வருது."

அவர் இயந்திரத்தைத் திறந்து பார்த்தார், கம்பிகளை மாற்றினார், கடைசியில் தன் வாயசைவும் தன் பேச்சும் ஒரு இமைப்பொழுது விலகி நிற்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நெரினா கோட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். காப்பிக் கடைக்காரனின் உதடு "வழக்கம்போலத்தானே?" என்று கேட்டு மூடிக்கொண்ட பிறகே அந்தக் கேள்வி அவளிடம் வந்தது. பூக்காரி, போலீஸ்காரன், கன்னியாஸ்திரீ, கைக்குழந்தையைத் திட்டிக்கொண்டே போன தாய், எல்லோருடைய பேச்சும் அவரவர் வாயிலிருந்து நழுவி, மோசமாக டப்பிங் செய்த படம்போல, பின்னால் தொங்கிக்கொண்டு வந்தது.

முதல் வாரம் அது ஒரு இமைப்பொழுது. ஈஸ்டருக்குள் ஒரு பெருமூச்சின் நீளம். மே மாதத்தில் ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரம். வானொலிக்கும் சினிமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, மணியும் நாயும் மோட்டார் சைக்கிளும் எப்போதும்போல ஒலித்தன. உயிருள்ள மனிதத் தொண்டையிலிருந்து வருவது மட்டும் தாமதித்தது. அதுவும் பேசிய ஆளைத் தேடிப் போகாமல், பேசிய இடத்திலேயே தங்கியிருந்து, தன் நேரம் வந்ததும் ஒலித்தது. ஓடும் ட்ராமில் பேசியவர்களின் பேச்சு ட்ராம் போய் வெகுநேரம் கழித்துத் தண்டவாளத்தின் மேல் வரிசையாகக் கேட்டது. நகரத்தைச் சுற்றிப்போகும் பெரிய வட்டச்சாலையைத் தாண்டிவிட்டால் உதடும் குரலும் மறுபடி ஒன்றாகிவிட்டன. காரணம் என்னவென்று பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள், வத்திக்கானில் கேட்டார்கள், நதியைக்கூட ஆழம் பார்த்தார்கள். பின்னால் அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அது வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்தபோதும் யாரும் காரணம் சொல்லவில்லை. அதற்குள் அவர்களுக்கு அதைப்பற்றிக் கேட்டுக்கேட்டுச் சலித்துவிட்டிருந்தது.

ரோம்காரர்கள் எதற்கும் ஈடுகொடுப்பவர்கள். சந்தையில் விரலாலும் புருவத்தாலும் பேரம் பேசினார்கள், அதற்கு அவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தேவைப்படவில்லை. பாவசங்கீர்த்தனக் கூண்டில் பாதிரியார்கள் முதலில் மன்னிப்பை வழங்கிவிட்டு, பாவம் வந்துசேரும் வரை ஜெபமாலை உருட்டினார்கள். கணவன் மனைவிகள் காலையில் சண்டை போட்டு, சமாதானமாகி, அணைத்துக்கொண்டிருக்கும்போது சண்டை வந்துசேர்ந்தது. அதைக் கேட்டுவிட்டு மறுபடி சண்டை போட்டார்கள். ஒருவரும் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. சொன்னது வந்துவிட்டதா, வந்ததைக் கேட்க அவள் அங்கே இருந்தாளா, வேறு யாராவது கேட்டுவிட்டார்களா என்று மனிதர்கள் தாங்கள் பேசிய இடங்களுக்குத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். அந்த ஆண்டு ரோமில் செருப்புகள் சீக்கிரம் தேய்ந்தன.

ஊருக்கு அப்போது உதவிக்கு வந்தவர்கள் சினிமாக்காரர்கள். முதலில் டப்பிங்காரர்கள். மற்றவன் உதடு எப்போது திறக்கும், என்ன சொல்லத் திறக்கும் என்று முன்கூட்டியே அறிவதுதான் அவர்களுடைய வித்தை என்பதால், கல்யாணத்துக்கு முன்பே காலியான தேவாலயத்தில் போய் நின்று மணப்பெண்ணின் "சம்மதம்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு வருவார்கள். மணப்பெண் பீடத்தின் முன் வாயைத் திறக்கும்போது அந்தச் சொல் மிகச் சரியாக அவள் உதட்டில் வந்து இறங்கும். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம், கோர்ட் தீர்ப்பு என்று எல்லாவற்றுக்கும் அவர்களை அழைத்தார்கள். நெரினாவுக்கு ஓய்வே இல்லை. ஆளில்லாத அறைகளில் நின்று அடுத்தவர்களின் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் பேசிவிட்டு, அவர்கள் வருவதற்குள் கிளம்பிவிடுவாள்.

இன்னொரு கூட்டமும் இருந்தது. அவர்கள் சப்டைட்டில்காரர்கள். கழுத்தில் சிறு பலகை மாட்டி, மார்புக்குக் கீழே வாசகங்களை எழுதிக் காட்டினால் போதும், இரவல் குரல் எதற்கு என்றார்கள். குரல் வரும்போது வரட்டும், அதுவரை எழுத்தைப் படிப்போம் என்றார்கள். கண் மங்கியவர்கள் குரல்காரர்கள் பக்கம், இளைஞர்கள் எழுத்துக்காரர்கள் பக்கம் என்று வீடுகள் இரண்டாகப் பிரிந்தன. காப்பிக் கடைகளில்கூட இரண்டு மூலைகள் உண்டாயின. எழுத்துக்காரர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் இலாரியா. பிஞேத்தோ வட்டாரத்தில் ஒரு பழைய மோட்டார் பட்டறையில், நூறு பேர்கூட உட்கார முடியாத ஒரு சினிமா கிளப்பை அவள் நடத்திவந்தாள். அங்கே எந்தப் படமும் அதன் சொந்த மொழியில்தான் ஓடும். கீழே எழுத்து வரும். முடிந்ததும் விவாதம் நடக்கும். இலாரியா நெரினாவின் ஒரே மகள்.

குரல் பிந்துவதற்குச் சில வருடங்கள் முன்பு அந்த மோட்டார் பட்டறையில் ஒரு விவாதத்தின்போது, அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தோ தெரியாமலோ, இலாரியா சொன்னாள்: "எங்க அம்மா வாழ்நாள் முழுக்க இன்னொரு பெண்ணோட வாயைப் பொத்திக்கிட்டிருந்தாங்க. அதுக்கு நாம கைதட்டினோம்." நெரினா எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் கிறிஸ்துமஸ் அன்று அத்தை வீட்டில் சந்திப்பார்கள், உப்பு போதுமா என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஜூலையில், குரல் ஒரு பெரிய பானைத் தண்ணீர் கொதித்து, பாஸ்தா வெந்து, தின்று, தட்டுக் கழுவும் நேரம் பிந்திக்கொண்டிருந்தபோது, தோர்டிஸ் ஹௌகன் ரோமுக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. ஊர் அவளுக்கு ஒரு விருது தருகிறது, பிரெனெஸ்தீனா சாலைப் பூங்காவில் கோடைக்காலத் திறந்தவெளி சினிமாவில் அவள் மேடையேறிப் பேசுவாள், பிறகு படம். அவள் பேச்சை ஊர் எப்படிக் கேட்பது? மாநகராட்சியின் கலைப் பொறுப்பாளர் மார்க்கெஸானி, தாயையும் மகளையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். உடனுக்குடன் பேச வேண்டியிருந்ததால் வட்டச்சாலைக்கு அப்பால் இருந்த ஒரு பெட்ரோல் பங்குக் காப்பிக் கடையில் சந்தித்தார்கள். அங்கே ஒரே கூட்டம். காதலைச் சொல்ல வந்தவர்கள், விவாகரத்துப் பேச வந்தவர்கள், வாயும் சொல்லும் சேர்ந்த ஒரு வசவைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சும்மா நின்று ரசிப்பவர்கள்.

"ஜனங்களுக்குத் தோர்டிஸ்னா நெரினா சின்யோராவோட குரல்தான்," என்றார் மார்க்கெஸானி. "இவங்க முன்னாடியே வந்து பேசிட்டுப் போகட்டும். அந்தம்மா வாயைத் திறக்கறப்போ இத்தாலிய மொழியில அழகா வந்து விழும்."

"அவங்க சொந்தக் குரலை எப்பத்தான் கேட்கறது?" என்றாள் இலாரியா. "அது வந்து சேர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். நான் எழுத்துப் போடறேன்."

"ரோம்காரங்க அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு உட்காருவாங்களா?"

நெரினா கரண்டியால் காலிக் கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். "அவ குரலை நான் கேட்டிருக்கேன், ஹெட்போன்ல. மரம் அறுக்கற சத்தம் மாதிரி இருக்கும். ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. அது அவ குரல்."

"நார்வே மொழி யாருக்கு இங்க தெரியும்? நீ எதைப் பார்த்து எழுத்துப் போடுவே?"

"எனக்குத் தெரியும்."

நெரினா நிமிர்ந்து பார்த்தாள்.

"பல்கலைக்கழகத்துல படிச்சேன். உன்கிட்ட சொல்லலை." இலாரியாவின் காது சிவந்துவிட்டது. "சின்ன வயசுல என்னைத் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போவே. அந்த முகம் வாயைத் திறந்ததும் உன் குரல் வரும். வேலைக்குப் போனா உனக்கு அந்த முகம் வந்துடும்னு நெனச்சேன். அழகா, பொறுமையா, என்ன கேட்டாலும் பதில் சொல்ற முகம். வீட்டுக்கு வந்தா உனக்குத் தொண்டையே இருக்காது. மேசையில கைய வெச்சு, சாப்பிடு, படு, அவ்வளவுதான். நல்ல குரலையெல்லாம் அவகிட்ட கொடுத்துட்டு மிச்சத்தோட வருவே. சரி, அவ நிஜமா என்னதான் பேசறான்னு தெரிஞ்சுக்கணும்னு படிச்சேன்."

பக்கத்து மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிகூட நிறுத்திவிட்டார்கள். நெரினா எழுந்தாள். "நேரமாச்சு," என்று மார்க்கெஸானியிடம் சொன்னாள். "வண்டிய எடுங்க."

கடைசியில் இரண்டுமே நடக்கட்டும் என்று முடிவாயிற்று. நெரினா முன்பே வந்து பேசிவிட்டுப் போவாள். திரையின் அடியில் எழுத்துப் போட இலாரியாவுக்கும் ஒரு இடம் தரப்படும். தோர்டிஸ் தன் பேச்சை எழுதி அனுப்பியிருந்தாள்: நன்றி, ரோமின் வெளிச்சம், சினிமாவின் மேன்மை. யாரும் எங்கும் பேசக்கூடிய பேச்சு.

அந்த நாளில் வெயில் சாயாத மாலையில் நெரினா காலி அரங்கின் மேடையில் ஏறினாள். ஒருவர் கல்பெஞ்சுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார், புறாக்கள் இருந்தன. உயிரோடு ஒருத்தி அந்த இடத்தில் நின்று பேசப்போகிறாள், தான் அவளுக்கு முன்பாகவே அவளாக இருக்கிறோம் என்ற நினைப்பில் அவள், வழக்கமில்லாமல், எழுதி வந்த பேச்சை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தாள். பேசினாள். உதடு அசைந்தது, ஓசை இல்லை. முடித்ததும் வழக்கம்போலக் கிளம்பிவிட்டாள். சாலைக்கு வந்து ட்ராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். ட்ராம் வந்தது, எழுந்தாள், உட்கார்ந்தாள். அடுத்ததும் வந்தது. மரங்களுக்கு மேலே அரங்கின் திரை ஒரு வெள்ளை ஓரமாகத் தெரிந்துகொண்டிருந்தது. போகவும் மனமில்லை, திரும்பவும் மனமில்லை.

அரங்கு நிரம்பியது. தோர்டிஸ் ஹௌகன் தடியை ஊன்றி மேடையேறினாள். அவள் மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்த கணத்தில் நெரினாவின் குரல் வந்து இறங்கியது, ஒரு மயிரிழை பிசகாமல், அந்த ஊர் இளமையிலிருந்து கேட்டு வளர்ந்த குரல். கூட்டம் பெருமூச்சு விட்டது. இரண்டு வாக்கியங்கள் உதடும் குரலும் கைகோர்த்து நடந்தன. பிறகு தோர்டிஸின் உதடு நின்றது. தன் முகத்தின் முன்னால் காற்றில் தானாகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் குரலை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், கையால் தொட முடியுமா என்று பார்ப்பவள்போல விரல்களை நீட்டினாள், அது ரோமின் வெளிச்சத்தைப் புகழ்ந்து முடிப்பதற்குள் வேறு எதையோ பேசத் தொடங்கினாள். எழுதி அனுப்பியதில் இல்லாத எதையோ. பிறகு தடியை ஊன்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்க்கெஸானி கையைத் தூக்கிப் படத்தை ஆரம்பிக்கச் சைகை காட்டினார். படம் ஓடினால் அதன் இசையில் தோர்டிஸின் குரல் மூழ்கிப்போகும். கத்திப் பயனில்லை, கத்தினாலும் படத்தின் நடுவில்தான் கேட்கும். இலாரியா தன் விசைப்பலகையில் எழுதினாள், எழுத்து வெறும் திரையில் பெரிதாக வந்தது:

அவர் குரல் இன்னும் வரவில்லை. தயவுசெய்து இருங்கள்.

மார்க்கெஸானி மறுபடி கையைத் தூக்கினார். புரொஜெக்டர் அறையில் இருந்தவர் ஜன்னலைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் திரையைப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியைப் பக்கத்தில் இருந்தவனுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தான். அவ்வளவுதான், எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச்சிலிருந்து ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்காத ஊர், வார்த்தை விழுந்த இடங்களையெல்லாம் தேடித்தேடி அலைந்த ஊர், ஒரு கிழவியின் குரலுக்காகக் கல்பெஞ்சில் அமர்ந்து, கடைசி வெளிச்சம் திரையை விட்டு மெல்ல வடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குரல் வந்தது. மரம் அறுக்கிற சத்தம்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆளில்லாத மைக்கிலிருந்து அது பேசப் பேச இலாரியாவின் விரல்கள் திரையில் எழுதின:

என் மகன் இறந்த மறுமாதம் ஒரு படத்தில் நடித்தேன். ஒப்புக்கொண்டுவிட்டேன், போனேன். கேமராவின் முன்னால் மரக்கட்டையாக நின்றேன். அழ வேண்டிய காட்சியில் எனக்கு அழுகை வரவில்லை.

அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. ஒருமுறை இந்த ஊரில் ஒரு ஓட்டல் அறையில் டெலிவிஷனைப் போட்டேன். அது ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் மொழியில்.

நான் அழாத இடத்தில் ஒரு பெண் அழுதிருந்தாள். வார்த்தை இல்லாமல், மூச்சில். என் மூடிய வாய்க்குள் அவள் அழுதாள். அன்றைக்குத்தான் நானும் அழுதேன். அவள் யார் என்று கேட்க வெட்கப்பட்டு ஊருக்குப் போய்விட்டேன்.

அவள் இங்கே இருக்கிறாளா?

கடைசி வரியை எழுதிய பிறகு இலாரியா விசைப்பலகையிலிருந்து நிமிர்ந்தாள். முன்வரிசையில் தோர்டிஸ் தன்னுடைய கேள்வியைத் தானே கேட்டுவிட்டு, பதில் வருமா என்று திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலாரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மனிதர்களின் கால்களைத் தாண்டி, பூங்காவின் சரளைக்கல்லில் ஓடி, சாலைக்கு வந்தாள்.

நிறுத்தத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் மறுமுனையில் மடியில் ஒரு தர்பூசணியோடு ஒருவர் தன் வழித்தட ட்ராமுக்குக் காத்திருந்தார்.

இலாரியா அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, ஓசையில்லாமல், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டல் அறை, மரக்கட்டை, மூச்சு. நெரினா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர் பாதி சொல்வதற்குள் மீதியைத் தானே முடித்துவிடுவது அவள் பழக்கம், வீட்டிலும் அப்படித்தான். இன்று அவள் வாயைத் திறக்கவில்லை. மகள் கடைசிச் சொல்லைச் சொல்லி முடிக்கும் வரை பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. அம்மாவின் உதட்டைப் படிக்க இலாரியாவுக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

"அன்னிக்கு எனக்குப் பல்வலி," என்றது உதடு.

இலாரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. நெரினாவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. தாயும் மகளும் ஒரு துளி சத்தமில்லாமல் அந்தச் சாலையோரத்தில் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் நெரினா முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாடை மட்டும் அசைவது தெரிந்தது. ஏதோ சொல்கிறாள். இலாரியா எட்டிப் பார்ப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

"என்ன சொன்னே?"

நெரினா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"அவங்க உன்னைத் தேடிக்கிட்டிருக்காங்க. முதல் வரிசை," என்றாள் இலாரியா. "நீ போ. நான் வர்றேன்."

"நீ?"

"நீ சொன்னது வரட்டும்."

நெரினா ஏதோ மறுக்கப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, தன் குரல் ஏற்கெனவே போய்வந்த அந்த அரங்கை நோக்கி, முகத்தோடும் உடம்போடும் நடந்து போனாள்.

இலாரியா பெஞ்சில் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள். ட்ராம்கள் வந்தன, போயின, முந்தைய ட்ராம்களின் பேச்சுகள் தண்டவாளத்தின் மேல் வந்து உதிர்ந்தன. பூங்காவின் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது, கைதட்டலுக்குத் தாமதமில்லை, அது நிற்கவே இல்லை. தர்பூசணிக்காரர் பழத்தை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றினார்.

முதலில் அவளுடைய குரல்தான் வந்தது, மூச்சிரைப்போடு, தோர்டிஸின் கதையைச் சொல்லிக்கொண்டு. பிறகு பல்வலி. பிறகு இரண்டு பெண்களின் சிரிப்பு பெஞ்சின் மேலே வெடித்தது. தர்பூசணிக்காரர் ஆச்சரியப்படாமல், அந்தச் சிரிப்புக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சிரிப்பு ஓய்ந்தது. ஒரு இடைவெளி. அப்புறம் அம்மாவின் குரல், எந்தத் திரையிலும் கேட்காத, தேய்ந்த, வீட்டுக் குரல்:

"பல்வலியெல்லாம் இல்லடி. உனக்கு அன்னிக்கு நல்ல காய்ச்சல். போகாதேன்னு என் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சுட்டு வந்தேன். வந்து, அந்த இருட்டுல மைக் முன்னால நின்னேன்."

இலாரியா அம்மாவின் இடத்தை விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து, அம்மா இன்னும் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல, நிதானமாக ஒரு பதில் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அரங்கின் பக்கம் வேகமாக நடந்தாள்.

தர்பூசணிக்காரரின் ட்ராம் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, வரலையா என்று கையால் கேட்டார். அவர் பெஞ்சின் காலி இடத்தைக் காட்டி, காதைத் தொட்டு, நீங்கள் போங்கள் என்று சைகை செய்தார். அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார்.